முதலில் ஓகே, பிறகு வேலை

நேற்று டயாலிசிஸ் வேன் ஓடவே இல்லை என்பது, பாச்சாங்கில் வேன் கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கும் புவனேந்திரனுக்கு இன்று காலை டிரைவர் சாமிக்கண்ணு சொல்லித்தான் தெரிந்தது. மற்றவர்கள் எப்படியோ காரில் போய்விட்டார்கள். மஸ்ஜித் தானா ஊர்க்காரர் முனியாண்டி மட்டும் போகவில்லை.

யாரை எப்போது ஏற்ற வேண்டும் என்று டயாலிசிஸ் சென்டரின் கம்ப்யூட்டரிலிருந்து இவனுடைய சர்வருக்குச் செய்தி தானாக வரும். வெப்ஹூக் என்பார்கள். சர்வர் பதில் சொல்லச் சுணங்கினால் அதையே மறுபடி அனுப்பித் தொலைக்கும். ஒரே வாசலில் இரண்டு வேன் நிற்கும். முதலாளி கத்தினார். இந்த மகராசன் என்ன செய்தான்? செய்தியைச் சேமிக்கும் முன்பே "ஓகே" சொல்லிவிடும்படி சர்வரை மாற்றி வைத்தான். நேற்று டிஸ்க் நிரம்பிச் சேமிக்க இடமில்லாமல் போனதும், அது எல்லாவற்றுக்கும் ஓகே சொல்லி எல்லாவற்றையும் கோட்டை விட்டது.

சென்டரில் கம்ப்யூட்டர் பார்க்கும் தேவிஸ்ரீக்குப் போன் போட்டான்.

"நேத்து அனுப்பினத திரும்ப அனுப்பு லா, ப்ளீஸ்."

"எத அண்ணே? ஃபெயில் ஆயிருந்தா மூணு நாளைக்கு விடாம அனுப்பியிருக்கும். உங்க சைடுல ஓகே வந்துச்சு, இங்க முடிஞ்சிருச்சு."

சர்வர் ஒழுங்காகத் தோற்றிருந்தால் போதும், சென்டரில் தெரிந்திருக்கும், முனியாண்டிக்கு வேன் போயிருக்கும். முனியாண்டி வீட்டில் யாரும் போனை எடுக்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு பறந்தான்.

வாசலில் கூடாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மூச்சு முட்டி, விடியும் முன்பே போய்விட்டாராம்.

அவர் மனைவி பெரியநாயகி சுவரில் சாய்ந்திருந்தார். வேன் ஆபீஸிலிருந்து வருகிறேன் என்று இவன் வாயைத் திறந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"நேத்து போன்ல பேசினது நீங்கதானே தம்பி? குரல் தெரியுது."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. வேன் இன்னும் வரலையே என்று யாரோ கேட்க, கண்ணை ஸ்கிரீனிலிருந்து எடுக்காமலே, "ஓகே ஆன்ட்டி, வந்துரும்" என்று சொல்லிப் போனை வைத்திருந்தான். பாவி, யாரென்றுகூடக் கேட்கவில்லை.

பெரியநாயகி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"மகன் சுங்கை ஊடாங்லேருந்து காடி ஓட்டிக்கிட்டு வந்து அப்பாவ ஏத்திக்கிட்டுப் போறேன்னான் தம்பி. நீங்க ஓகேன்னு சொல்லிட்டீங்களே, வேணாம்யா, நீ வேலையப் பாருன்னு நான்தான் நிறுத்திட்டேன்."