இன்றைக்கு ஒழுங்காகச் சாகவும்

நான் இதுவரை முந்நூறு தடவை செத்திருக்கிறேன். எல்லாமே பிரமாதமான சாவுகள். ஒரு முறை நான் போன அழகைப் பார்த்துச் சுவர்க் கடிகாரமே நின்றுவிட்டது. அந்த முந்நூறில் ஒன்று நிஜச் சாவு.

நம்பாதவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கெல்லாம் தலைவன் என் மனைவியின் அண்ணன். ரயிலில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்தவன், சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கியவன். நான் எதைச் சொன்னாலும் முதலில் பாதியைக் கழிப்பான், பிறகு மீதியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பான்.

மருத்துவக் கல்லூரியில் ஒரு வகுப்பு உண்டு. இனி பிழைக்க மாட்டார் என்று தெரிந்த நோயாளியின் பக்கத்தில் எப்படி இருப்பது என்று அங்கே கற்றுக்கொடுப்பார்கள். நிஜ நோயாளியிடம் தப்பும் தவறுமாகப் பழக முடியுமா? அதற்குத்தான் நான். மின்வாரியத்தில் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவன், கட்டிலில் படுத்துச் சாவேன். மச்சான் நோயாளியின் தம்பியாகக் கால்மாட்டில் உட்கார்ந்திருப்பான். ஒரு மாணவர் என் பக்கத்தில் இருப்பார். வகுப்பு நடத்தும் பேராசிரியை அம்மாவும் மற்ற மாணவர்களும் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து பார்ப்பார்கள்.

என் பாத்திரம் இதுதான். புற்றுநோய் முற்றியவர். நெஞ்சை அமுக்க வேண்டாம், குழாய் செருக வேண்டாம் என்று முன்பே தெளிவாகச் சொல்லிவிட்டவர். ஆனால் கடைசி நேரத்தில் அவருக்குப் பயம் வந்துவிடும். மூச்சுத் திணறும், "யாரையாவது கூப்பிடுங்க" என்று கெஞ்சுவார். மாணவர் ஓடக் கூடாது. உட்கார வேண்டும், கையைப் பிடிக்க வேண்டும், உதட்டை ஈரப் பஞ்சால் நனைக்க வேண்டும், எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்க வேண்டும். "ஒண்ணும் ஆகாது" என்று மட்டும் சொல்லவே கூடாது. எனக்கு நிஜமாகவே ஏதாவது ஆனால் இடது கையைத் தூக்க வேண்டும், ஆட்டம் நின்றுவிடும். வலது கைதான் மாணவரிடம் இருக்குமே.

அன்றைக்குப் பேராசிரியை அம்மா என்னை முறைத்தார். போன வாரம் செத்து முடித்தபின் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டிருந்தேன், இரண்டு மாணவர்கள் அலறிவிட்டார்கள்.

"இன்னிக்காவது ஒழுங்கா சாவுங்க சார்," என்றார்.

அன்றைய மாணவிக்கு நான் வைத்த பெயர் சிட்டு. இதற்கு முன் இரண்டு முறையும் பயந்துபோய் நர்ஸைத் தேடி ஓடித் தோற்றவள். இந்த முறையும் ஓடினால் அந்த வருடத்தையே திரும்பப் படிக்க வேண்டும். நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

வசனத்தைத் தொடங்கினேன். பாதியில் நெஞ்சுக்குள் யாரோ முழங்காலை ஊன்றி ஏறி நின்றது போல இருந்தது. தாடை இழுத்தது. முதுகெல்லாம் வேர்வை, அதுவும் பச்சைத் தண்ணீராக. சரி, கையைத் தூக்குவோம் என்றால் இடது கை என் கையாகவே இல்லை. போர்வைக்கு அடியில் ஈர மணல் மூட்டையாகக் கிடந்தது.

"யாரையாவது கூப்பிடுங்க," என்றேன்.

சிட்டு என் வலது கையை இறுக்கிப் பிடித்தாள். பாடம் அதுதானே. கண்ணாடிக்குப் பின்னால் தலைகள் ஆமோதித்து ஆடுவது தெரிந்தது.

"மச்சான், நிஜமாத்தான்டா."

அவன் என் பாதத்தைத் தட்டிக்கொடுத்து, போர்வையைச் சரிசெய்து, வாய்க்குள்ளேயே சிரித்தான். கூப்பிடக் கூப்பிட அந்த அறை இன்னும் அமைதியானது. நான் எவ்வளவு நன்றாகப் பயந்தேனோ அவ்வளவு நன்றாக நடிப்பதாக நினைத்தார்கள். எதிரே இத்தனை வைத்தியர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, அத்தனை பேரும் ரசித்துப் பார்க்க நான் போகப் போகிறேன். கட்டிலைச் சுற்றித் தொங்கிய திரைச்சீலையின் வளையங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை ஒவ்வொன்றாக மங்கின.

உதட்டில் ஈரப் பஞ்சு பட்டது.

"எதை நெனச்சுப் பயப்படுறீங்க ஐயா?" பாடக் கேள்வி.

"நீ நம்பாம இருக்கறதை நெனச்சு."

அவள் விரல் என் தாடையில் பட்டு நின்றது. வேர்வையைத் தொட்டுப் பார்த்தாள். மேலே ஒலிபெருக்கியில் பேராசிரியை அம்மாவின் குரல், "எழுந்திரிக்காதே, பக்கத்துலயே இரு," என்றது. அவள் குனிந்து, எந்தப் பாடத்திலும் இல்லாத ஒன்றை என் காதில் கேட்டாள்.

"ஐயா, இடது கையைத் தூக்குங்க பாப்போம்."

"முடியல."

நாற்காலி விழுந்த சத்தம் கேட்டது. அவள் கத்தியது கேட்டது. அதற்கப்புறம் இருட்டு. அரை மணி நேரம் செத்துக் கிடந்தேன், நெஞ்சை அமுக்கியதில் விலா எலும்பு அத்தனையும் முறிந்தது, இரண்டு முறை மின்சாரம் பாய்ச்சினார்கள். மீட்டர் பார்த்தவனுக்கே மின்சாரம்.

பிழைத்து வந்தபின் பேராசிரியை அம்மா என்னைக் கட்டிலில் படுக்கவிடவில்லை. புது மாணவர்கள் முன்னால் நாற்காலி போட்டு, நடந்ததைச் சொல்லுங்கள் என்றார். சிட்டுவைப் பக்கத்திலேயே நிற்க வைத்தார், அந்த வருடம் தேர்ச்சி பெற்றவளாக. நான் சொன்னேன். அரை மணி நேரம் என்றதும் ஒருவன் களுக்கென்று சிரித்தான். கடிகாரம் நின்ற கதைக்கு வகுப்பே சிரித்தது. முன்வரிசைப் பையன் மச்சானிடம் திரும்பி, "சார், இவர் நிஜமாவே செத்தாரா, இல்ல அதுவும் நடிப்பா?" என்று கேட்டான்.

மச்சான் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அரை மணி நேரம் இல்ல, மூணு நிமிஷம்," என்றான். "எலும்பு ரெண்டுதான். கடிகாரம் சுத்தப் பொய்."

வகுப்பு மறுபடி சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

"ஆனா செத்தான். கால் என் கைலதான் இருந்துச்சு. நான் சிரிச்சுட்டு இருந்தப்பவே ஜில்லுன்னு ஆயிடுச்சு. என்னைத்தான் கூப்பிட்டான். நடந்தது நிஜம்."