குளிர்ந்த வண்டியைத் தொடாதீர்கள்

டீச்சர் வீட்டுக் காருக்குப் பத்தொன்பது வயது. மத்தியானத்தில் அதைப் போல ஒரு சமர்த்து கிடையாது. சாவியைக் காட்டினாலே கிளம்பிவிடும். ராத்திரி முழுக்கக் குளிரில் நின்றுவிட்டால் மட்டும் அதன் குணமே மாறிப்போகும். காலையில் சாவியைத் திருப்பினால் இருமும், முனகும், பேட்டரி களைத்துப்போகும்வரை அடம்பிடிக்கும். அரைமணி நேரம் மல்லுக்கட்டினால் ஒரு குலுக்கலோடு உயிர் வரும். அதற்கப்புறம் நாள் முழுக்க ஒரு குறை சொல்ல முடியாது.

வேறு வீடாக இருந்தால் இது ஒரு தலைவலி என்பதோடு போயிருக்கும். இந்த வீட்டில் அப்படி விட முடியாது. டீச்சரின் தங்கைக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி மூன்று வருஷம் ஆகிறது. மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் அவள் பெயர் இருக்கிறது. பொருத்தமானது கிடைத்தால் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். வந்த இரண்டு மணி நேரத்துக்குள் அங்கே போய் நிற்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த பெயருக்குப் போய்விடும். ஆஸ்பத்திரி ஒன்றரை மணி நேரத் தூரம். துணிமணியும் காகிதங்களும் அடைத்த நீலப் பை ஒன்று மூன்று வருஷமாக வாசல் கதவுக்குப் பின்னால் தயாராக நின்றுகொண்டிருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் விடிகிற நேரத்தில் அந்தப் போன் வந்தேவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்க் காரில் உட்கார்ந்தார்கள். கார் அசைந்து கொடுக்கவில்லை. வாடகை வண்டிக்காரர்கள் யாரும் போனை எடுக்கவில்லை, எதிர்வீட்டுக்காரர் ஊரில் இல்லை. ஐம்பது நிமிஷம் கழித்துக் கார் கிளம்பி, பாதி வழி போவதற்குள் மறுபடியும் போன் வந்தது. திரும்பிப் போய்விடலாம் என்றார்கள்.

"யாரோ ஒருத்தருக்குப் பயன்பட்டிருக்கும்ல. விடுக்கா" என்றாள் தங்கை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் டீச்சருக்குக் கொஞ்சம் தேவலாம் போலிருந்திருக்கும்.

அன்றிலிருந்து டீச்சர் கார் பைத்தியமாகிவிட்டாள். மெயின் ரோட்டுப் பெரிய ஒர்க்‌ஷாப்பில் பேட்டரியை மாற்றினார்கள், பிளக்கை மாற்றினார்கள், பெட்ரோல் பம்பையும் மாற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் "இனிமே பிரச்சினையே வராது மேடம்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள். மறுநாள் காலை பழைய குருடி கதவைத் திறடி கதைதான். ஓடிப்போய் நிற்கிற வண்டி சூடாகத்தானே இருக்கும், அதனிடம் குளிரில் வருகிற வியாதி எப்படித் தெரியும் என்று கேட்டுப் பார்த்தாள். காதில் போட்டுக்கொள்ள அங்கே ஆளில்லை.

அப்புறம்தான் வீட்டுக்கே வந்து பார்க்கிற மெக்கானிக்கைப் பிடித்தாள். ஐம்பது வயது, அளந்து பேசுகிற ஆள், இரண்டு தெரு தள்ளி வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்து சாவியைத் திருப்பினார். கார் ஒரே திருப்பில் கிளம்பியது. அடுத்த ஞாயிறும் வந்தார். அதே கதை. பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி டீச்சர் முழித்தாள். அவர் "இன்னொரு நாள் பார்க்கலாம் டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இந்த மனுஷரும் கைவிட்டுவிட்டால் யாரிடம் போவது என்று டீச்சருக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

மூன்றாவது தடவை வந்தவர் சாவியைக் கேட்கவில்லை. நேராகப் போய் பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார். அப்புறம் பானெட்டைத் திறந்து உள்ளே ஒரு ரப்பர் குழாயைத் தொட்டுப் பார்த்தார்.

"இது எப்பவோ எழுந்து பல் விளக்கிடுச்சு போலிருக்கே. யார் ஸ்டார்ட் பண்ணது?"

"யாரும் பண்ணலையே" என்று டீச்சர் சொல்லி முடிப்பதற்குள், பின்னால் அவள் கணவர் தொண்டையைச் செருமினார்.

அவர் தையல்காரர். கடையில் பாதி தைத்த சட்டையை ஒரு ஆள் கண்ணில் காட்டமாட்டார். பிசிறு வெட்டி, பொத்தான் வைத்து, இஸ்திரி போட்டு மடித்த பிறகுதான் எதுவும் வெளியே வரும். அந்தப் பழக்கம் காரிலும் கை வைத்திருந்தது.

"இல்ல... வீட்டுக்கு ஒருத்தர் வர்றார். அவர் முன்னாடி வண்டி இருமிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்? அதான் விடியறதுக்கு முன்னாடியே சரிவுல தள்ளிவிட்டுக் கிளப்பி, ஒரு சுத்து சுத்திட்டு வந்து, துடைச்சு நிறுத்தினேன்."

"மூணு தடவையுமா?" என்றாள் டீச்சர்.

"மூணு தடவையும்தான். உன் தூக்கம் கெடக்கூடாதேன்னுதான் தள்ளிக்கிட்டே தெருக்கோடி வரைக்கும் போனேன்."

டீச்சருக்கு வந்த கோபத்தில் வார்த்தை தேட வேண்டியிருந்தது. "ஏங்க, டாக்டர் பார்க்க வர்றார்னா, அவர் வர்றதுக்குள்ள காய்ச்சல் மாத்திரையைக் குடுத்து, தலை வாரி, பவுடர் போட்டு உட்கார வைப்பீங்களா?"

"தலை வாரி விடுவேன்" என்றார் அவர், மெதுவாக.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற தங்கை சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதைக் கேட்ட பிறகு டீச்சரால் கோபத்தைப் பிடித்து வைக்க முடியவில்லை.

மெக்கானிக்கும் சிரித்தார், ஆனால் பிடியை விடவில்லை. "குளிர்ந்த எஞ்சின் ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் உண்மையைப் பேசும் சார். ஒரு தரம் ஓடிட்டா அப்புறம் மறுநாள்தான். நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வர்றேன். அதுவரைக்கும் யாரும் இதைத் தொடக்கூடாது."

"நடுவுல போன் வந்துட்டா?" என்றாள் டீச்சர்.

அவருக்குப் போன் விஷயம் முதல் நாளே சொல்லியிருந்தார்கள். பாக்கெட்டிலிருந்து தன் வேன் சாவியை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். "என் வண்டி இங்கேயே நிக்கட்டும். அது காலையில முனகாது, நான் பொறுப்பு." சொல்லிவிட்டுக் கைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய்விட்டார். தையல்காரர் பரிகாரமாகத் துணியில் கோடு போடுகிற சாக்கட்டியை எடுத்து வந்து, பானெட் மேல் பெரிதாக 'தொடாதீர்கள்' என்று எழுதினார். அந்த வீட்டில் தொடக்கூடியவர் அவர் ஒருவர்தான் என்பதால் அது அவருக்கே எழுதிக்கொண்டதாகிவிட்டது.

மறுநாள் காலை எல்லோரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு காரைச் சுற்றி நின்றார்கள். கண்ணாடியில் பனி படிந்திருந்தது. மெக்கானிக் எஞ்சினைக் கிளப்பவே இல்லை. பெட்ரோல் குழாயில் ஒரு மீட்டரை மாட்டிவிட்டு, தையல்காரரைச் சாவியைப் பாதி மட்டும் திருப்பச் சொன்னார். முள் ஏறி அசையாமல் நின்றது. "பெட்ரோல் வருது. இதுல தப்பில்ல." அப்புறம் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் சொருகி, கையடக்கமான கருவி ஒன்றை டீச்சரிடம் கொடுத்தார்.

"எஞ்சின் சூடுன்னு ஒரு வரி இருக்கும். எவ்வளவு காட்டுது, படிங்க."

"எழுபத்தெட்டு டிகிரி."

"எஞ்சினைத் தொட்டுப் பாருங்க."

தொட்டாள். விரல் விறைத்தது. மறுபடியும் கருவியைப் பார்த்தாள். எழுபத்தெட்டுதான்.

மெக்கானிக் முகத்தில் அன்றுதான் முதன்முதலாக நிம்மதி தெரிந்தது. "மாட்டிக்கிட்டான். எஞ்சின் எவ்வளவு சூடா இருக்குன்னு வண்டியோட கம்ப்யூட்டருக்குச் சொல்றதுக்கு ஒரு சென்சார் இருக்கு. குளிர்ல எஞ்சின் கிளம்பணும்னா பெட்ரோல் அதிகமா ஊத்தணும். இவன் எப்பப் பார்த்தாலும் எழுபத்தெட்டுன்னே சொல்லிக்கிட்டு இருந்தா, சூடாத்தானே இருக்குன்னு கம்ப்யூட்டர் சொட்டு சொட்டாத்தான் விடும். எஞ்சின் பட்டினி."

"ஒர்க்‌ஷாப்புலயும் இந்தக் கருவியை வச்சுப் பார்த்தாங்களே" என்றாள் டீச்சர்.

"ஓடி வந்த வண்டியில எழுபத்தெட்டு காட்டினா யாருக்கு டீச்சர் சந்தேகம் வரும்? அப்ப அது உண்மைதானே."

எஞ்சின் பக்கவாட்டில் கட்டை விரல் அளவு பித்தளைச் சாமான் ஒன்றில் சொருகியிருந்த வயரை உருவினார். கருவியில் எழுபத்தெட்டு சரிந்து மைனஸ் நாற்பதில் போய் நின்றது. "இப்ப உறைஞ்சு கிடக்கோம்னு நினைச்சு கம்ப்யூட்டர் பெட்ரோலை வாரி ஊத்தும். திருப்புங்க சார்." தையல்காரர் திருப்பினார். கார் ஒரு தரம் குலுங்கி, இரண்டாவது திருப்பில் கரும்புகை கக்கிக்கொண்டு கிளம்பியது. டீச்சருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு மாதமாகத் தன் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டிருந்தது கட்டை விரல் அளவு பித்தளைதானா என்று அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மத்தியானம் புதுச் சென்சார் வந்து ஏறியது. ஆனால் குளிர்ந்த எஞ்சினிடம் கேட்டு உறுதி செய்யாமல் மெக்கானிக் வேனை எடுத்துப் போகமாட்டேன் என்றுவிட்டார். ஆக, சாக்கட்டி எழுத்து இன்னும் ஒரு நாள் இருந்தது.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு அவர் சாவியைத் தங்கையிடம் நீட்டினார். "நீங்க பாருங்கம்மா. உங்க வண்டிதானே."

தங்கை உட்கார்ந்தாள், திருப்பினாள். கார் முனகவில்லை, இருமவில்லை. மத்தியான நேரத்து மாதிரி சமர்த்தாகக் கிளம்பி ஓடியது. அணைத்துவிட்டு, பிறகு ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். 

மெக்கானிக் வேனை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் டீச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அந்தப் பை இனிமே டிக்கியிலேயே இருக்கட்டும்" என்று உள்ளே போய்க் கதவுக்குப் பின்னாலிருந்த நீலப் பையைத் தூக்கினாள். கனமான பை என்று நினைத்துத் தூக்கியதில் தடுமாறிவிட்டாள். பையில் ஒன்றுமே இல்லை.

ஜிப்பைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றபோது தங்கை பின்னால் வந்துவிட்டாள்.

"எப்ப எடுத்தே?"

"திரும்பி வந்த அன்னிக்கே." தங்கை தரையைப் பார்த்தாள். "இன்னொரு தரம் நீ அந்தக் காரோட சண்டை போடறதை என்னால பார்க்க முடியாதுக்கா. போன் வந்தா எடுக்கறதில்லைன்னு இருந்தேன். பையே அங்க இல்லன்னா உனக்குத் தெரிஞ்சுடும்னு காலிப் பையைக் கதவுக்குப் பின்னாடியே வச்சுட்டேன்."

டீச்சர் திட்டுவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் பையோடு நின்றாள்.

தங்கை அவள் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள். "பத்து நிமிஷம் குடு. மாமாகிட்ட அந்த நைட்டியை இஸ்திரி போட்டுத் தரச் சொல்லு, கசங்கிக் கிடக்கு."

உள்ளே பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. தையல்காரர் இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றப் போனார். பத்து நிமிஷம் என்றவள் அரைமணி எடுத்துக்கொண்டாள். திரும்பி வந்தபோது பையை இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது, அதை யாரிடமும் கொடுக்காமல் அவளே கொண்டுபோய் டிக்கியில் வைத்தாள்.