நெட்டில் கிரீக்கின் மேற்குக் கொட்டகை

எல்வின் ஸ்டுக்கி கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனதும் சுழற்காற்று மேகத்துக்குள் ஏறிக்கொள்ளும். கான்சாஸின் நெட்டில் கிரீக் ஊரில் இது கோதுமை விலையைப் போல எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எட்டு வயதில் அவர் வீட்டை ஒரு சுழற்காற்று கொண்டுபோனது. அப்பா நிலவறையில் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டதால் ஊரே பார்த்ததை அவர் மட்டும் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் பீட்ரூட் ஊறுகாய் ஜாடிகள். ஒரு சுழற்காற்றையாவது படமாகப் பிடித்துச் சுவரில் மாட்டிவிட வேண்டும் என்ற வெறி அன்று பிடித்தது. ஆலங்கட்டி விழுந்து நசுங்கிய கார்களை நிமிர்த்துவது அவர் தொழிலானது. வசந்தம் பிறந்தால் கடையைப் பூட்டிவிட்டு மேகத்தின் பின்னால் போய்விடுவார். மலைபோல் எழும்பிச் சுழலும் இடிமேகத்தின் அடியிலிருந்து தும்பிக்கைபோல் சுழற்காற்று இறங்கும். இவர் கேமராவைத் தூக்குவார். குளிக்கும் இடத்தில் ஆள் நுழைந்துவிட்டதுபோல் அது சுருட்டிக்கொண்டு மேலே போய்விடும். படத்தைக் கழுவிப் பார்த்தால் நீல வானமும் கோதுமை வயலும் பளிச்சென்று இருக்கும்.

முதலில், இவரைப் போலவே சுழற்காற்றைத் துரத்திப் படமெடுக்கும் மற்ற புயல் வேட்டைக்காரர்கள் சிரித்தார்கள். பிறகு அவருடைய வண்டியைக் கண்டாலே வேறு சாலைக்குத் திருப்பினார்கள். ஊர்களோ அவரைக் கொண்டாடின. மேகம் கறுத்தால் போதும், அவரைக் கூப்பிடப் பாதிரியாரே வாசலில் வந்து நிற்பார். நெட்டில் கிரீக்கில் அபாயச் சங்கைக் கழற்றி உருளைக்கிழங்குக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். போகிற இடமெல்லாம் ஆப்பிள் பை சுட்டுக் கொடுத்து அவரைப் பருமனாக்கினார்கள். முடிதிருத்தும் கடையிலும் பல் மருத்துவர் அறையிலும் யாரோ எடுத்த சுழற்காற்றுப் படம் தொங்கியது. எல்வின் வீட்டுச் சுவரில் மட்டும் வெறும் ஆணி.

அவருக்கு ஐம்பது தாண்டிய வசந்தத்தில் மார்சி பெல்க்நாப் வந்தாள். வேட்டைக்காரர்களிலேயே பெயர் பெற்றவள், அந்தப் பருவத்தில் ஒரு படமும் கிடைக்காதவள். உணவகத்தில் எதிரே உட்கார்ந்தாள்.

"நாளைக்கு ஒரே ஒரு நாள் வீட்ல இருங்க எல்வின். நான் எடுக்கற முதல் படம் உங்களுக்குத்தான்."

"ஊருக்குள்ள வந்துச்சுன்னா?"

"வடக்காலதான் போகும். அங்க மாடுகூடக் கிடையாது."

எல்வின் அந்த ஆணியை நினைத்துக்கொண்டார். சரி என்றார்.

மறுநாள் மதியம் சுழற்காற்று வடக்கே போகவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவரை அவர் மனைவி வெர்லா போனில் கூப்பிட்டாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் அவள்.

"எல்வின், கிளாசன் பண்ணை ரோட்ல இருக்கேன். பஸ் நிறையப் பிள்ளைங்க. அது எதிர்லயே வருது. நீ எங்கதான் இருக்கே?"

"வீட்ல."

"வீட்லயா? இன்னிக்குத்தான் வீட்டு நெனப்பு வந்துச்சா உனக்கு?"

ஈரக் கையோடு ஓடினார். பண்ணைச் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்கியபோது அது அவருக்கும் மஞ்சள் பேருந்துக்கும் நடுவே நின்றது. கேமரா தூக்க எடுக்கும் நேரத்துக்கு மேல் அவர் ஒரு சுழற்காற்றையும் பார்த்ததில்லை. இதுவோ முழுசாக, சாம்பலும் ரோஜாவும் கலந்த நிறத்தில், அடியில் செம்மண் புரள, அவசரமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. கேமரா கழுத்தில் கிடந்தது. அவர் கை எழவில்லை. கிளாசனின் கொட்டகை பலகை பலகையாகப் பிரிந்து மேலே போனது. அப்போதும் பார்த்துக்கொண்டே நின்றார். பேருந்தின் முன்கண்ணாடி விரிசல் விட்டபோதுதான் கை கழுத்துக்குப் போனது. கேமராவைத் தூக்கினார். சுழற்காற்று ஏறிப்போய்விட்டது.

அதே சாலையில் சற்றுத் தள்ளி நின்று மார்சி எடுத்த படங்களிலிருந்தும் அது போய்விட்டிருந்தது. மிஞ்சியது ஒன்றுதான்: நீல வானத்தின் முன்னால், வாயைப் பிளந்தபடி கேமராவைத் தொடாமல் நிற்கும் எல்வின். சொன்ன வாக்குக்கு அதைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆணியில் மாட்டியது வெர்லா. மாட்டிவிட்டு அவரோடு பேசுவதை நிறுத்தினாள். சோயா விதைத்து முளைவிடும்வரை சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பாவைத் தள்ளிவிடுவதோடு சரி.

ஒரு சாயங்காலம் தட்டைத் துடைத்தபடி அவளே ஆரம்பித்தாள். "அழகாத்தான் இருந்துச்சு."

எல்வின் நிமிர்ந்து பார்த்தார்.

"பஸ்ஸைப் பின்னால எடுத்திருக்கலாம் நான். ரோடு காலியாத்தான் கிடந்துச்சு. காலை பிரேக்ல வச்சுட்டு உக்காந்துட்டேன். பிள்ளைங்களும் ஒண்ணுகூட வாயத் தொறக்கல."

"நான் உன்னை நெனைக்கவே இல்ல வெர்லா அப்போ."

"தெரியும். நானும்தான் உன்னை நெனைக்கல."

அதன்பிறகு அவள் பேருந்துச் சாவியை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு அவரோடு மேகத்தின் பின்னால் போகத் தொடங்கினாள். கேமரா அவர் மடியில் சற்று நேரம் சும்மா கிடக்கும், பிறகுதான் தூக்குவார். அந்தச் சற்று நேரத்தில் யாருடைய கோழிக்கூண்டோ வேலியோ போகும். கிளாசன் தேவாலயக் கூட்டத்தில் எழுந்து, "அவங்க பாக்கட்டும், வேணாங்கல. என் கொட்டகையை வச்சுப் பாக்கணுமா?" என்று கேட்டார். நியாயம்தான் என்றார்கள் எல்லோரும். பார்க்காமல் உடனே கேமராவைத் தூக்கு என்று எல்வினிடம் சொல்லலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. உடைந்த பலகைகளைத் திரட்டி, ஊருக்கு மேற்கே ஆளில்லாத வெளியில், உள்ளே ஒன்றும் வைக்காமல் ஒரு கொட்டகை கட்டினார்கள். அது போனதும் அடுத்த வசந்தத்துக்கு இன்னொன்று. சுழற்காற்றும் பழகிக்கொண்டு நேரே அங்கேயே வருகிறது. இந்த வருடம் கொட்டகைக்குச் சிவப்பு வண்ணம் அடித்திருக்கிறார்கள். மேலே போகும்போது பார்க்க நன்றாக இருக்கும் என்று வெர்லா கேட்டுக்கொண்டாள்.