பிளேனோ ஆபீஸில் ஒரு நாற்காலி

பன்னிரண்டு வருடம் காத்திருந்து வாங்கிய கிரீன் கார்டை பணீந்திரா முதலில் வைத்த இடம் பூஜைத் தட்டு. டெக்சஸ் பிளேனோவில் இருக்கிற தெலுங்குக்காரர்கள் வீட்டில் இது ஒன்றும் புதுமையில்லை. கார் வாங்கினால் டயருக்கடியில் எலுமிச்சம்பழம், கார்டு வந்தால் சத்யநாராயண பூஜை. பூஜைக் கதையில் வரும், வேண்டிக்கொண்டு மறந்துபோன வியாபாரி பட்ட பாட்டைப் புரோகிதர் சொல்லிக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் கொகினேனி பூர்ணசந்திர ராவ் பலமாகத் தலையாட்டினார். அவர்தான் பணீந்திராவின் முதலாளி. கார்டுக்கு மனுப் போட்ட புண்ணியவான்.

பூஜை முடிந்ததும் ராவ் தட்டிலிருந்த கார்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தெரியாதவர்கள் பார்த்திருந்தால் கார்டு அவருக்குத்தான் வந்திருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். பிறகு பணீந்திராவின் பக்கம் திரும்பினார்.

"பாபு, சாமி முன்னாடி சொல்றேன். அஞ்சு வருஷம் எங்கயும் அசையாதே. கார்டு கைக்கு வந்ததும் கம்பெனி மாறினவனை சிட்டிசன்ஷிப் இன்டர்வியூல தோண்டித் துருவிடுவாங்க. நெஜமாவே அந்த வேலையைச் செய்யற எண்ணம் இருந்துச்சான்னு கேப்பாங்க. என்ன சொல்லுவே?"

பணீந்திரா வாய் நிறைய புளியோதரையோடு தலையாட்டினான்.

அந்தப் பேச்சு அவனைப் பயமுறுத்தியதற்குக் காரணம் இருந்தது. ராவ் அவனை வேறு மாநிலத்தில், ஒமாஹா என்ற ஊரில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலைக்கு அனுப்பியிருந்தார். திங்கள் விடியற்காலை விமானம், வியாழன் சாயங்காலம் வீடு. ஆறு வருடமாக இதே கூத்து. மகள் லாஸ்யாவுக்கு வயதும் ஆறு. பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் வரையச் சொன்னபோது அம்மாவையும் தங்கமீனையும் வீட்டுக்குள் வரைந்தாள். அப்பாவைப் பெட்டியோடு வாசலில் நிற்க வைத்தாள். இந்த நேரம் பார்த்து, வீட்டிலிருந்து எட்டே நிமிடத்தில் இருக்கும் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்று அவனுக்கு வேலை தருவதாக எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

பணீந்திரா ஊரெல்லாம் யோசனை கேட்டான். நியூஜெர்சி மச்சான் ஆறு மாதம் பொறு என்றான். வாட்ஸப் குழுவில் ஒருவர் ஒரு வருடம் என்றார், இன்னொருவர் நூற்று எண்பத்தோராம் நாள், அதுவும் புதன்கிழமையாக இருந்தால் உத்தமம் என்றார். எவரும் எந்தச் சட்டத்தையும் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் கார்டு பறிபோன ஒரு நண்பனின் நண்பனைத் தெரிந்திருந்தது. அந்த நண்பனுக்கு மட்டும் பேரும் இல்லை, ஊரும் இல்லை.

மனைவி ஸ்ரவந்திக்குப் பொறுமை போய்விட்டது.

"இத்தனை பேர்கிட்ட கேட்டீங்களே, ஒரு வக்கீல்கிட்ட கேட்டீங்களா?"

"ராவ் சாரோட வக்கீல் இருக்காரே."

"அவர் ராவ் சாரோட வக்கீல். அதை நீங்களே சொல்றீங்க, உங்களுக்கே உறைக்கல."

மறுநாள் அவளே காலீன் ஹேகர்ட்டி என்ற வக்கீலம்மாவிடம் அரைமணி நேரம் பிடித்தாள். காலீன் கார்டைத் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன ரத்தமா?"

"குங்குமம்" என்றான் பணீந்திரா.

"நல்லது. ஆறு மாசம், அஞ்சு வருஷம்னு சட்டத்துல ஒரு கணக்கும் கெடையாது. சீக்கிரம் விட்டா கேள்வி வரலாம், அந்த ஆபத்து உண்டுதான். கேள்வி ஒண்ணுதான். அந்த வேலையைக் குடுக்கற எண்ணம் அவங்களுக்கும், செய்யற எண்ணம் உங்களுக்கும் நெஜமா இருந்துச்சா? சரி, மனுவுல என்ன வேலைன்னு போட்டிருக்கு?"

பணீந்திரா ஸ்ரவந்தியைப் பார்த்தான். பன்னிரண்டு வருடமாக மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்த இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டிருந்தான். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் படித்ததில்லை. முதலாளி நீட்டிய காகிதத்தை எதிரிலேயே படித்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்று எண்ணியவன். தக்காளி வாங்கினால் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்க்கிற மனிதன்தான். வாழ்க்கையையே ஒப்படைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டான்.

ஸ்ரவந்தி பைக்குள்ளிருந்து மனுவின் நகலை எடுத்து வாசித்தாள். "டேட்டாபேஸ் மேனேஜர். வேலை செய்யும் இடம், பிளேனோ தலைமை அலுவலகம். கீழே வேலை செய்ய நாலு பேர்."

"ஒமாஹா?" என்றார் காலீன்.

"ஒமாஹான்ற பேரே இல்ல."

காலீன் கண்ணாடியைக் கழற்றினார். "கார்டு வந்துடுச்சு. இனி அந்த வேலையை உங்க முதலாளி குடுக்கணும். போய்க் கேளுங்க. குடுத்தா, மனசார கொஞ்ச நாள் செய்யுங்க. இல்லைன்னா, இல்லைன்னு எழுதி வாங்கிக்குங்க. அந்தக் கடுதாசி கார்டுக்குச் சமம்."

வெள்ளிக்கிழமை காலை பணீந்திரா இஸ்திரி போட்ட சட்டையோடு தலைமை அலுவலகத்துக்குப் போனான். தலைமை அலுவலகம் என்பது பிரியாணிக் கடைக்கு மேல் இரண்டு அறை. ஒன்றில் ராவ் இருந்தார். மற்றதில் அவர் மைத்துனர் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பணீந்திரா ராவுக்கு எதிரில் காலியாகக் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"வேலைல சேர வந்திருக்கேன் சார்."

"எந்த வேலை?"

"மேனேஜர் வேலை. மனுவுல இருக்கறது. பூஜையில நீங்க சொன்னதுதான் சார், மனசுல ஆழமா பதிஞ்சிடுச்சு. இன்டர்வியூல தோண்டுவாங்க. அதனால அஞ்சு வருஷம் இங்கயே உக்காந்து நேர்மையா செய்யப் போறேன். அந்த நாலு பேர் எங்க சார்?"

ராவ் திறந்த கதவு வழியே மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் பூந்தொட்டியைப் பார்த்தார்.

"திங்கக்கிழமை ஒமாஹாவுக்கு யார் போறது?"

"ஒமாஹா போனா தப்பு சார். எனக்கும் கேள்வி வரும், மனுப் போட்ட உங்களுக்கும் வரும்."

இதைச் சொல்லும்போது அவன் நிஜமாகவே வருத்தமாக இருந்தான். மிரட்டத் தெரிந்த ஆள் இல்லை அவன். அந்த வருத்தம்தான் ராவைக் கலக்கியது. கீழிருந்து வறுத்த வெங்காய வாசனை வந்தது. ராவ் எழுந்து கதவைச் சாத்தினார்.

"பாபு, நாம ஒரே குடும்பம். வெளில நல்ல வேலை ஏதாவது பார்த்திருக்கியா?"

"பாக்கலாம் சார். ஆனா நான் வேலை செய்யத் தயாரா வந்தேன்னும், உங்களால அந்த வேலையைக் குடுக்க முடியலைன்னும் எழுதித் தந்தா போதும்."

பன்னிரண்டு வருடமாக மனுவை இழுத்தடித்த மனிதர், கடிதத்தைப் பத்தே நிமிடத்தில் தட்டி, மை காயாமல் நீட்டினார். பணீந்திரா அவர் எதிரிலேயே முதல் எழுத்திலிருந்து கடைசிவரை படித்தான். ஓர் இடத்தில் தேதி தப்பாக இருந்தது. திருத்தச் சொன்னான். ராவ் திருத்தினார்.

வாசல்வரை வந்து, "சிட்டிசன்ஷிப் பூஜைக்குக் கூப்பிடுவேதானே?" என்று கேட்டார்.

"நீங்க இல்லாமயா சார்" என்றான். படியிறங்குமுன் ஆஸ்பத்திரிக்குச் சம்மதம் அனுப்பிவிட்டான்.

திங்கட்கிழமை காலை லாஸ்யா சீருடையோடு சமையலறைக்கு வந்து, பெசரட்டு தோசை தின்றுகொண்டிருந்த அப்பாவைப் பார்த்து நின்றாள்.

"இன்னிக்கு வெள்ளியா?"

"திங்கள்."

"உன் வேலை போயிடுச்சா, டாடி?"

"போயிடுச்சும்மா" என்றான் பணீந்திரா. இவ்வளவு சந்தோஷமாக அதைச் சொன்னவன் அந்த ஊரில் வேறு எவனும் இருந்திருக்க மாட்டான்.

அவள் முகம் சுளித்தாள். மேஜையில் அவன் உட்காரும் இடத்துக்கு, வழக்கம்போல ஞாயிறு இரவே மீன் தொட்டி வந்துவிட்டிருந்தது. அதனால்தான் அவன் தட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

"மீன் வியாழக்கிழமைதான் எடம் மாறும். இப்ப அதை எங்க வைக்கறது?"

அப்பாவும் மகளும் தண்ணீர் சிந்தாமல் தொட்டியைத் தூக்கிக்கொண்டு, வீட்டில் வேறு இடம் தேடினார்கள்.