நீல நூல்

1955 ஐப்பசியில், புதுச்சேரி செங்கேணி பஞ்சாலையில் ஒருவரிடம் ஒருவர் வேலையில் சந்தேகம் கேட்டால், கேட்டவர் கையிலிருந்து பதில் சொன்னவர் கைக்கு ஒரு நீல நூல் முளைக்க ஆரம்பித்தது. அந்த மாதம் பருத்தி விலையும் கொஞ்சம் ஏறியிருந்தது. நூல் அறுபடாது, ஆள் நகர்ந்தால் நீளும், அவ்வளவுதான். எந்த வேலைக்கு யாரிடம் ஓட வேண்டும் என்பது சீக்கிரமே கூடம் முழுக்கப் பந்தல் போட்ட மாதிரி தெரிந்துவிட்டது. நிறைய நூல் போய்ச் சேர்ந்தது சாயம் காய்ச்சும் காத்தவராயனிடம் இல்லை. நூல் சுற்றும் அமிர்தவல்லியிடம். அவளுக்குச் சாயமும் தெரியாது, மிஷினும் தெரியாது. யாருக்கு எது தெரியும் என்பது மட்டும் தெரியும். வெற்றிலை கொடுத்துத்தான் சந்தேகம் கேட்பது அங்கே வழக்கம். வெற்றிலையை வாங்கி மடித்துக்கொண்டே, "அத காத்தவராயண்ணன கேளு, இத தையல்நாயகிய கேளு" என்று கைகாட்டிவிடுவாள்.

பிரெஞ்சுக்காரர் போனபின் மெட்ராசிலிருந்து வந்த மேனேஜர் சபாநாயகம் இந்தப் பந்தலை அண்ணாந்து பார்த்தார். எல்லோர் கையிலும் நூல். அவர் கையில் ஒன்றுகூட இல்லை. உத்தரவு போடுவாரே தவிர யாரையும் எதுவும் கேட்டறியாதவர். அது அவருக்கு மானக்கேடாகப் பட்டது. ஆலைக்குள் வெற்றிலை கூடாது, சந்தேகமிருந்தால் ஆபீசுக்கு வா என்றார். ஒரு ஆள் போகவில்லை. நூல் குவிகிற இடத்தில்தான் வேலை கெடுகிறதென்று முடிவுகட்டி, அமிர்தவல்லியின் சீட்டைக் கிழித்தார். புருஷன் செத்தபின் அந்தக் கூலியில்தான் அவளும் இரண்டு பெண்பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். பாவி மனுஷன், அதைக்கூட விசாரிக்கவில்லை.

அவள் கருவடிக்குப்பத்திலிருந்த தன் வீட்டுக்கு நடந்தே போய்ச் சேர்ந்தாள். நூல்களும் கூடவே போயின. ஆலைக் கேட்டைச் சாத்த முடியவில்லை. வழியிலிருந்தவர்கள் நூலில் துணி காயப்போட்டார்கள். முனிசிபாலிட்டி ஆட்கள் வண்டி போகக் கம்பு நட்டுத் தூக்கிக் கட்டினார்கள். ஆலையில் சபாநாயகத்துக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எதைக் கேட்டு அதட்டினாலும் காத்தவராயன், "எங்களுக்கு ஒண்ணுந் தெரியாது முசியே. யாருக்குத் தெரியும்னு அமிர்தவல்லிக்குத்தான் தெரியும்" என்றான். பிரெஞ்சு துரையைக் கூப்பிட்ட பழக்கத்தில் இவரையும் 'முசியே' என்றுதான் கூப்பிட்டார்கள். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். பொங்கலுக்குள் பாதி மிஷின் நின்றுபோனது.

மாசியில் சபாநாயகம் காரில் அவள் வீட்டு வாசலுக்கு வந்து இறங்கினார். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் எழுந்திருக்கவில்லை.

"நாளைக்கு வேலைக்கு வந்துடு."

"உத்தரவ ஆலையில போடுங்க. இது என் வூடு. இங்க கேக்கணும்."

"கூலி ஏத்தித் தரேன்."

"அத நான் கேக்கல. நீங்க கேளுங்க."

கோபமாகக் கார்வரை போனவர், கதவைத் திறந்துவிட்டுத் திரும்ப மூடினார். பிறகு டிரைவரிடம் ஒரு வெற்றிலை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து நீட்டினார். "வர்றியாம்மா?"

அவர் கோட்டுக் கைக்குள்ளிருந்து ஒரு நீல நூல் புறப்பட்டு அவள் கைக்குப் போனது. இழுத்துப் பார்த்தார், வரவில்லை. அமிர்தவல்லி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "வரேன்" என்றாள்.

மறுநாள் சங்கு ஊதியதும் வெற்றிலைப் பையோடு உள்ளே போனாள். கேட்டை அதன்பிறகு யாரும் சாத்தவில்லை. 1962-இல் சபாநாயகம் மெட்ராசுக்கே மாற்றலாகிப் போனபோது அவர் நூலும் ரயிலோடு நீண்டது. இன்னமும் எப்போதாவது அது அவள் கையை வெடுக்கென்று இழுக்கும். "அங்கயே யாரையாவது கேளுங்க முசியே" என்று சொல்லிவிட்டு, அவள் பாட்டுக்கு நூல் சுற்றுவாள்.