அமெரிசியம் மேலே, யூரோப்பியம் கீழே

1

இந்தக் கதை வீணான ஒரு தாளின் பின்பக்கத்தில் பிறந்தது. எழுதுகிறவளுக்கு 'நான்' என்று போட வெட்கம். அதனால் 'அவள்'. பெயர் நாச்சியம்மாள். வயது பதினெட்டு. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோய், 1997இல் காந்திபுரத்தில் வேங்கடசாமியின் டைப்பிங் கடையில் வேலை.

முதல் தொடக்கம்: "வானம் இருண்டுகொண்டு வந்த அந்த..." (வேண்டாம். அன்று வெயில் மண்டையைப் பிளந்தது.)

இரண்டாம் தொடக்கம்: சாஜிதா பேகம் அக்கா தன் பிஎச்.டி. ஆய்வேட்டை டைப் அடிக்கக் கொண்டுவந்தார். இது பரவாயில்லை. இதிலேயே போவோம்.

2

அணு உலைக் கழிவில் அமெரிசியமும் யூரோப்பியமும் கலந்து கிடக்கும். அமெரிசியம் பல நூறு வருடம் கதிர் வீசும் வம்புக்காரன். தனியே எடுத்தால் உலையிலேயே போட்டுத் தீர்க்கலாம். யூரோப்பியம் கூட வந்தால் நியூட்ரான்களைத் தின்று காரியத்தைக் கெடுக்கும். (பாடப்புத்தக வாடை அடிக்கிறது. அக்காவே பேசட்டும்.)

"ரெண்டும் ஏறக்குறைய ஒரே சைஸு, ஒரே சார்ஜு கண்ணு. அடியில குழாய் வெச்ச குடுவையில கீழ அமிலத் தண்ணி, மேல எண்ணெய். எண்ணெயில நான் செஞ்ச மூலக்கூறைப் போட்டுக் குலுக்கோணும். அதுக்கு மூணு நைட்ரஜன் கை. அமெரிசியத்தைக் கொஞ்சம் இறுக்கிப் புடிச்சு மேல தூக்கிட்டு வந்துரும். யூரோப்பியம் கீழயே நிக்கும், குழாயைத் திறந்து எறக்கிரலாம்."

"ஏனுங்கக்கா, ஆக்சிஜன் கை ஆகாதுங்களா?"

"அது ரெண்டையும் ஒண்ணாப் புடிச்சுப்போடும். வஞ்சகமில்லாத கை!"

3

அக்கா தனக்கும் விளக்கிச் சொன்ன சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கடைசி நாள் காலையில் திருத்தி அடிக்க வந்த அறுபத்திரண்டாம் பக்கத்தில் பெயர்களை மாற்றி அடித்துவிட்டாள்: யூரோப்பியம் மேலே போனது, அமெரிசியம் கீழே தங்கியது! உருவி எடுத்து, வேறு தாளில் சரியாக அடித்தாள். வீணான தாளின் பின்பக்கம் கதை எழுதி, வீட்டில் நோட்டுக்குள் ஒட்டிவைப்பது அவள் ரகசிய வழக்கம்.

அன்றைய கதை: பல்லடத்தில் அமெரிசியம், யூரோப்பியம் என்று இரட்டைப் பிள்ளைகள். பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. பெண் பார்க்கப் போன வீட்டில் நைட்ரஜன் என்ற பெண் காபித் தட்டோடு வந்தாள், ஒரு நொடி தயங்கினாள், பிறகு நேராக அமெரிசியத்திடம்...

(பெண்ணுக்கு யாராவது நைட்ரஜன் என்று பேர் வைப்பார்களா? பையனுக்கு யூரோப்பியம் என்று வைத்த வீட்டுக்கு அதுதான் சரியான சம்பந்தம்.)

4

அவள் சாப்பிட்டுத் திரும்பியபோது வேங்கடசாமி கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மணி, ஒரிஜினலோட சேத்து அஞ்சு காப்பியும் பைண்டிங் முடிஞ்சு அந்தப் புள்ளை வாங்கிட்டுப் போயிருச்சு. ஒரிஜினல்ல அறுவத்திரண்டைக் காணோம். உன்ற மேசைல கெடந்துச்சு, சொருகிப்போட்டேன்."

அவள் ஜெராக்ஸ் மெஷினின் மூடியைத் தூக்கினாள். சரியான அறுபத்திரண்டு கண்ணாடிமேல் குப்புறப் படுத்திருந்தது.

நான்கு நகல்களில் தப்பில்லை. ஒரிஜினலில் மட்டும் முன்பக்கம் அக்காவின் நாலு வருட உழைப்பு தலைகீழ், பின்பக்கம் காபித் தட்டு. பல்கலைக்கழகத்தில் நான்கு மணிவரைதான் வாங்குவார்கள்.

5

சரியான தாளோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். யாரிடமும் நிமிர்ந்து பேசாதவள், பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்: "அக்கா! அறுவத்திரண்டாம் பக்கத்தைப் பாத்துப்போடாதீங்க!"

இப்படிச் சொன்னால் யார்தான் பார்க்காமல் இருப்பார்? முன்பக்கம் படித்த அக்காவின் முகம் வெளுத்தது. திருப்பினார். படித்தார். படித்துக்கொண்டே...

6

முடிவு ஒன்று: அக்கா பிளேடு வாங்கி அந்தத் தாளை அறுத்தார், சரியானதை ஒட்டினார், அறுத்ததைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்துப் போட்டுவிட்டு பஸ் ஏறினார்.

முடிவு இரண்டு: பிளேடு, பசை எல்லாம் அப்படியே. ஆனால் அறுத்த தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தார். பஸ் நகரும்போது ஜன்னலில் தலை: "காபியை வாங்குனானா இல்லையாடி?"

ஒன்று நடந்தது. மற்றது அவள் ஆசைப்பட்டது. இரண்டும் ஒரே அளவு, ஒரே கனம். அந்தத் தாளும் இப்போது அவளிடம் இல்லை. அது இரண்டு முடிவுக்கும் பொருந்துகிறது.

அவள் குலுக்கி வைத்துவிட்டாள். அடுக்குகள் தெளியட்டும். கீழே இருக்கும் குழாயைத் திறக்க வேண்டியது நீங்கள். எது மேலே நிற்கிறது என்று அவளுக்கும் சொல்லுங்களேன்.