அண்ணனோட கணக்குப் பேப்பர்

எனக்குக் கோவம் வந்தா வாயில என்ன வரும்னு எனக்கே தெரியாது. அந்தக் கோவத்துல பாதி எங்கம்மாவால வந்தது. செந்துறை ரோட்டுல இருந்த எங்க மூணு ஏக்கராவைச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு எடுத்துக்கிட்டு, குடும்பத்துக்கு ஒரு வேலைன்னு சிமெண்ட் பேக்டரியில எழுதிக் கொடுத்தாங்க. நிரந்தர வேலை. பத்தாவது பாஸாயிருக்கணும், ஆகஸ்டு முடியறதுக்குள்ள சர்டிபிகேட்டைக் காட்டணும். நான் பி.எஸ்சி. கணக்கு. பெரம்பலூர் டுடோரியல்ல, பத்தாவதுல கோட்டை விட்டவங்களுக்குக் கணக்கு நடத்துற வாத்தியாரு. என்னைய விட்டா அந்த வேலைக்கு வேற யாரு? ஆனா எங்கம்மா அம்மாக்கண்ணு என்ன சொல்லுச்சு தெரியுமா?

"வேலை அரியமுத்துக்குத்தான். அவன் வெயில்ல காஞ்சுதான் ஒன்னைய காலேஜுக்கு அனுப்புனான்."

அரியமுத்து எங்கண்ணன். கொத்தனாரு. அப்பா செத்த வருஷம் பத்தாவது எழுதி, கணக்குல மட்டும் போச்சு. அன்னைக்குக் கரணையைத் தூக்குனவன்தான். முப்பத்துநாலு வயசுலயே முட்டி ரெண்டும் தேஞ்சு, சாரத்துல ஏறும்போது பல்லைக் கடிச்சுக்கிட்டு ஏறுவான். இனிமே உயரத்துல ஏறாதேன்னு டாக்டர் கண்டிச்சுச் சொல்லிட்டாரு.

"துணைத் தேர்வுக்கு நாப்பது நாள் இருக்குடா வாணா. நீ சொல்லிக் குடு. பாஸானா வேலை எனக்கு. இல்லன்னா நீயே எடுத்துக்க, நானே கையெழுத்துப் போடுறேன்"னு அண்ணன் சொன்னான்.

நாப்பது நாள்ல கணக்கு வராது, மார்க்கு வரும். அதுக்கு எங்க டுடோரியல்ல ஒரு வழி வச்சிருக்கோம். ஒரு மார்க்கு கேள்வியெல்லாம் மனப்பாடம். அப்புறம் கிராப்பு ஒண்ணு, படம் ஒண்ணு, ரெண்டுக்கும் எட்டு எட்டு. அங்கங்க சூத்திரம் எழுதுனா ஒண்ணு ரெண்டு. முப்பத்தஞ்சைத் தொட்டுடலாம்.

தினமும் வேலை முடிஞ்சு சிமெண்டுக் கையோட வந்து உக்காருவான். நான் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். "மரமண்டை! ஆறாவது படிக்கிற ஒம்மவ பிரவீணா போடுவா இந்தக் கணக்கை!" சிரிப்பான். "திட்டுடா, அப்பத்தான் ஏறும்"பான். அந்தச் சிரிப்பைப் பாத்தா எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வரும்.

ஆனா படம்னு வந்தா அவன் வேற ஆளு. வட்டத்துக்கு வெளியில ஒரு புள்ளி, அதுலேருந்து ரெண்டு தொடுகோடு. ஒரு தடவைதான் காட்டுனேன். "அட, மூலைமட்டம் புடிக்கிற வேலைதானேடா!"ன்னு காம்பஸை வாங்கி வச்சு வரைஞ்சான் பாருங்க, மயிரிழை பிசகல. பி.எஸ்சி. படிச்ச என் கைக்கு அது வராது. எனக்கு வயிறு எரிஞ்சுது. இவன் பாஸாயிடுவான்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

வரைஞ்சு முடிச்சவன் ரப்பரை எடுத்தான். காம்பஸ் வச்சு வெட்டுன வில்லையெல்லாம் ஒண்ணு விடாம அழிச்சான். தொடுகோடும் வட்டமும் மட்டும் பளிச்சுனு நின்னுச்சு. அந்த வில் இல்லன்னா படத்துக்கு மார்க்கே கிடையாது. அளவுகோலை வச்சுக் குத்துமதிப்பாப் போட்டான்னு அடிச்சுடுவாங்க.

"எதுக்குண்ணே அழிச்ச?"

"வேலை முடிஞ்சா சாரத்தைப் பிரிச்சுடணும்ல? சரிதானே?"

வாயைத் திறந்தேன். தப்புண்ணே, அழிக்காதன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இத்தனை நாளா அவனைத் திட்டுன வாய்தான் இது.

"சரிதாண்ணே. பேப்பரு சுத்தமா இருந்தாத்தான் திருத்துறவங்களுக்குப் புடிக்கும்"னேன்.

"கைடுல அந்தக் கோடெல்லாம் போட்டிருக்கானே?"

"அது நமக்குப் புரியறதுக்காகப் போட்டது."

பரீட்சை முடிஞ்சு அரியலூர் பஸ் ஸ்டாண்டுல அவன் எழுதுனதையெல்லாம் வரிசையாச் சொன்னான். நான் மனசுக்குள்ள கூட்டுனேன். முப்பத்தெட்டு வந்துச்சு. "வில்லை அழிச்சியாண்ணே?"ன்னு கேட்டேன். "சுத்தமா அழிச்சுட்டேன்டா. அந்த ஹால்லயே என் பேப்பருதான் பளிச்சுனு இருந்திருக்கும்"னான். டீ வாங்கிக் கொடுத்தான். குடிச்சேன்.

ரிசல்ட்டு வந்துச்சு. முப்பது. பேப்பரோட நகலை வாங்கிப் பாக்கலாமான்னு கேட்டான். அதுக்குள்ள பேக்டரிக்காரங்க சொன்ன தேதி முடிஞ்சுடும், வேணாம்னேன். "என் மண்டை அவ்வளவுதான், நீ என்னடா பண்ணுவ, பாவம்"னு எனக்கு ஆறுதல் சொல்லிட்டு, பேக்டரி ஆபீஸ்ல வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். வேலை எனக்குக் கெடைச்சுது.

ரெண்டு வருஷத்துல மாடி வூடு கட்ட ஆரம்பிச்சேன். கொத்தனாரு வேற யாரு, அண்ணன்தான். "தம்பி வூட்டை வேற எவனாவது கட்டுவானா?"ன்னு அந்த முட்டியை வச்சுக்கிட்டு ரெண்டாவது மாடி வரைக்கும் ஏறுனான். ஏறாதண்ணேன்னு நான் சொன்னேனா? சொல்லல. அவன் பூசுற பூச்சு யாருக்கும் வராது.

வெளிப்பூச்சு முடிஞ்ச அன்னைக்குச் சாயங்காலம் பிரவீணா ஸ்கூல் பையோட நேரா அங்க வந்தா. எட்டாவது படிக்கிறா. கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு. கணக்கு நோட்டைத் தூக்கி அவங்கப்பாகிட்ட நீட்டுனா.

"நான் போட்ட வில்லையெல்லாம் ராத்திரி நீதானே அழிச்ச? டீச்சர் சைபர் போட்டுட்டாங்க. எல்லாரும் சிரிக்கிறாங்க!"

"சுத்தமா இருக்கட்டும்னுதான் பாப்பா... சித்தப்பா சொல்லிக் குடுத்ததுதான் அது."

நோட்டை வாங்கிச் சிவப்பு மையில இருந்ததை வாய்விட்டுப் படிச்சான். 'விற்களை அழிக்கக் கூடாது. எப்படி வரைந்தாய் என்று தெரிய வேண்டும்.' ரெண்டு தடவை படிச்சான். அப்புறம் என்னைப் பாத்தான்.

"ஒனக்கு அப்பவே தெரியுமாடா?"

பொய் சொல்லியிருக்கலாம். அதுக்குள்ள என் மூஞ்சியிலயே அவனுக்குப் பதில் கெடைச்சுடுச்சு. அடிப்பான்னு நெனைச்சேன், அடிச்சிருந்தா நல்லாருந்திருக்கும். கரணையைக் கழுவினான். மட்டக்கோலைச் சாக்குல சுருட்டுனான். ஒரு கையில மவளைப் புடிச்சுக்கிட்டு நொண்டி நொண்டி வாசலைத் தாண்டுனான்.

"அண்ணே, சாரம்..."

திரும்பினான். "அது நிக்கட்டும். எப்புடிக் கட்டுனதுன்னு பாக்குறவனுக்குத் தெரியணும்ல?"

அம்மா அன்னைக்கே அவன் வூட்டுக்குப் போயிடுச்சு. அண்ணன் நிக்கட்டும்னு சொன்ன சாரத்தைப் பிரிக்கச் சுத்துப்பட்டுல எந்தக் கொத்தனாரும் வரமாட்டேங்கறான். வர்ற வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம், பத்திரிகையெல்லாம் கொடுத்தாச்சு.